கடல் வலப்பக்கம்

விமானி ஆக ஆசைப்படுகிறவர்களுக்கு முதல் படி மருத்துவப் பரிசோதனை. கண், காது, இதயம் எல்லாம் சரி என்று எழுதி வாங்கினால் மாணவர் உரிமம் தருவார்கள். பிறகு ஆசிரியரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பல வாரம் பறக்க வேண்டும். ஒருநாள் ஆசிரியர் கதவைத் திறந்து இறங்கி நின்று, நீயே ஒரு சுற்று போய் வா என்பார். கிளாரிசெல் எல்னார் இதையெல்லாம் இருபத்திரண்டு வயதில் ஒரு குறையும் இல்லாமல் தாண்டியிருந்தாள். மிச்சமிருந்தது, வேறொரு ஊருக்குத் தனியாகப் பறந்து போய் இறங்கி, மறுபடியும் தனியாகத் திரும்பிவருவது.

அவளுடைய அப்பா எபிஃபானியோ, பாயிஸ் என்ற கடற்கரை ஊர்க்காரர். சுற்றுலா வருகிறவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், ஊருக்கு எதிரே உள்ள ஜலசந்தியில் டால்பின் காட்டுவது அவர் தொழில். படகில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும், என் மகள் விமானம் ஓட்டுகிறாள் என்று அவர் சொல்லாமல் விட்டதில்லை. சவூதியில் நர்ஸாக இருந்த அத்தைதான் படிக்கவைத்தாள். தெருமுனையில் கிளாரிசெல்லின் சீருடைப் படத்தோடு ஒரு பேனர், அவள் மாணவர் உரிமம் வாங்கிய வாரத்திலிருந்தே தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் பறக்கப் படித்த பள்ளி சான் பிளாஸ் என்ற சிற்றூரில், நெக்ரோஸ் தீவின் கிழக்குக் கரையில் இருந்தது. அங்கிருந்து கிளம்பி, தீவின் வடமேற்கே சீலாய் நிலையத்தில் இறங்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். போகும்போது வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. அவள் நன்றாகவே இறங்கினாள். சீலாயில் ஒரு பன்னும் காப்பியும் சாப்பிட்டுவிட்டுப் பத்தரை மணிக்குத் திரும்பக் கிளம்பினாள்.

அதற்குள் கன்லாவோன் எரிமலையின் தலையில் மேகம் குவிந்துவிட்டது. வந்த வழியில் போக முடியாது. மலையைத் தெற்கே சுற்றிக்கொண்டு பிறகு கிழக்கே திரும்பலாம் என்று கணக்குப் போட்டாள். கணக்கு சரிதான். ஆனால் அந்தச் சின்ன விமானத்தில் திசை காட்டும் வட்டு தானாகவே கொஞ்சங்கொஞ்சமாக நகர்ந்துபோகும். கால் மணிக்கு ஒருமுறை காந்த ஊசியைப் பார்த்து அதைத் திருத்தி வைக்க வேண்டும். முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிற பாடம். மேகத்தைப் பார்த்த பதற்றத்தில் அவள் முக்கால் மணி நேரம் அதைத் தொடவில்லை.

கீழே மங்கலில் ஒரு கரை தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. கிழக்குக் கரை வந்துவிட்டது, இதைப் பிடித்துக்கொண்டே தெற்கே போனால் வீடு. அப்படித்தான் போனாள். இருபது நிமிடம் கழித்துத்தான் ஏதோ உறுத்தியது. கிழக்குக் கரையோடு தெற்கே போனால் கடல் இடப்பக்கம் இருக்க வேண்டும். ஜலசந்திக்கு அப்பால் செபு தீவின் மலைகள் தெரிய வேண்டும். இங்கே கடல் வலப்பக்கம் இருந்தது. அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீர். சின்னக் குழந்தைகூடப் பார்த்ததும் சொல்லியிருக்கும். அவள் இருபது நிமிடம் அந்தக் கடலைப் பார்த்து நிம்மதிப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்போதுதான் ரேடியோ பேசியது. அவள் வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டதால் தலைமை ஆசிரியர் கேப்டன் சல்டிவார் இன்னொரு விமானத்தை எடுத்துக்கொண்டு உயரத்தில் ஏறி, அவளுடைய விமானத்தின் எண்ணைச் சொல்லி அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏழு இரண்டு, எங்க இருக்கே? ஏழு இரண்டு, நான் பேசறது கேக்குதா?"

தெளிவாகக் கேட்டது. பதில் சொல்ல ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் போதும். வழி சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த அலைவரிசையில் பள்ளி முழுவதும் காது வைத்திருக்கும். அவளோடு படித்த பதினான்கு பேரும் பள்ளியின் ரேடியோ அறையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். வகுப்பில் முதலாவதாக வருகிறவள், ஊரில் பேனர் கட்டிய பெண், கடல் எந்தப் பக்கம் என்று பார்க்கத் தெரியாமல் தொலைந்துபோனாள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை.

கேப்டன் மூன்றாம் முறை, நான்காம் முறை கூப்பிட்டார். பதினோராம் முறை அவருடைய குரல் உடைந்தது. எப்போதும் கிண்டலாகவே பேசுகிற மனிதர் அவர். அந்தக் குரலைக் கேட்கப் பொறுக்காமல், கிளாரிசெல் கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள்.

பிறகு ஒரு விரிகுடாவும், கரும்பாலைக் கிடங்கின் கூரையில் எழுதிய ஊர்ப்பெயரும் கண்ணில் பட்டன. மேற்குக் கரையின் தென்கோடியில் இருக்கிறோம் என்று புரிந்தது. தீவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். சான் பிளாஸ் ஓடுபாதையில் இறங்கும்போது ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் தாமதம். தொட்டியில் எரிபொருள் அடிமட்டத்துக்கு வந்திருந்தது.

ஆம்புலன்ஸ் நின்றது. எல்லோரும் ஓடிவந்தார்கள். அதற்குள் தரையிறங்கிவிட்டிருந்த கேப்டன் சல்டிவார் முதலில் வந்து கதவைத் திறந்து, அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ரேடியோ செத்துப்போச்சா? அதானே?"

கிளாரிசெல் தலையை ஆட்டினாள்.

அவ்வளவுதான். அவளாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொய்யை எடுத்துக் கொடுத்தவர் அவர், வாங்கிக்கொண்டவள் இவள். மேகத்தைச் சுற்றி நீண்ட வழி வந்தேன் என்று பிறகு சேர்த்துக்கொண்டாள். அதில் பாதி உண்மை.

மூன்று மணிக்கு அப்பா வந்தார். அரைக்கால் சட்டை நனைந்து தொடையில் ஒட்டியிருந்தது. பள்ளியிலிருந்து போன் போனதும், படகில் இருந்த சுற்றுலாக்காரர்களைக் கரையில் இறக்கிவிட்டு, இன்னும் எட்டுப் படகுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஜலசந்தியில் தேடியிருக்கிறார். கிழக்குக் கரையில் வருகிறவள் விழுந்திருந்தால் அங்கேதான் விழுந்திருப்பாள். அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"கண்ணு எரியுது இண்டாய்," என்றார், மகளைக் கூப்பிடும் செல்லச்சொல்லில். "தண்ணியையே பாத்துட்டு இருந்தேன். வெள்ளையா எது மெதந்தாலும் நீதான்னு நெனச்சேன். ஒரு தடவை அது தெர்மாகோல் பெட்டி."

அவள் அழுதாள். பயத்தில் அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

பள்ளியில் ரேடியோவையும் மின்சார வேலையையும் பார்த்துக்கொண்டவர் தெல்ஃபின். மாணவர்கள் அண்ணன் முறை வைத்து மனோங் தெல்ஃபின் என்று கூப்பிடுவார்கள். நாற்பது வயதிருக்கும். பேச்சு குறைவு, கை சுத்தம். இரண்டு நாள் முன்புதான் அதே விமானத்தின் ரேடியோ கரகரக்கிறது என்று யாரோ சொல்ல, அவர் பிரித்துப் பார்த்து, சரியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தக் கையெழுத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். அவர் மூன்று நாள் அந்த ரேடியோவைப் பிரித்துப் பிரித்துக் கோர்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. குறை அகப்படாதது அவருக்கு இன்னும் கெட்டதாகப் போயிற்று. எது பழுது என்றுகூடக் கண்டுபிடிக்கத் தெரியாதவன் என்று சொல்லி, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

கிளாரிசெல்லுக்கு இந்தச் செய்தி வகுப்பில்தான் தெரிந்தது. இப்போதே எழுந்து சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். மதியம் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்கு என்று நினைத்தாள். நாள் ஆக ஆகப் பொய்யோடு மௌனமும் சேர்ந்து கனத்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் தெல்ஃபின் நின்றுகொண்டிருந்தார். சான் பிளாஸிலிருந்து பேருந்து பிடித்து வந்திருக்கிறார். கையில் ஒரு பை. அதற்குள் வாழையிலையில் சுருட்டி அவித்த தினைப் பலகாரம், அவருடைய மனைவி பசிட்டா செய்தது. உள்ளே கூப்பிட்டும் உட்காரவில்லை. எபிஃபானியோவுக்கு முன்னால், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கிளாரிசெல்லிடம் பேசினார்.

"என்னால உங்க உயிர் போயிருக்கும், மேடம். எங்க தப்பு பண்ணினேன்னு எனக்கே தெரியல. நாலு தடவ பிரிச்சுப் பாத்துட்டேன். ஆனா தப்பு என்னோடதுதான். உங்க அப்பா முகத்தப் பாத்து மன்னிப்புக் கேட்கணும்னு வந்தேன்."

கண் மங்குகிறதோ என்று கண் மருத்துவரிடம் போய் வந்ததாகவும் சொன்னார். எபிஃபானியோ பெரிய மனதோடு அவர் முதுகில் தட்டி, மனுஷன் கை தவறுவது சகஜம், என் மகள் திரும்பி வந்துவிட்டாள், அது போதும் என்றார். கடைசியில், பரவாயில்லை மனோங் என்று அவள் வாயிலிருந்தே வந்தது. அவரை அவள் மன்னித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அம்மா அந்தப் பலகாரத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். கிளாரிசெல் ஒன்றைப் பிரித்துக் கடித்தாள். விழுங்க முடியவில்லை. பின்பக்கம் போய்த் துப்பிவிட்டு, கிணற்றடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிக்கோ அவளுடைய கதை நல்ல சரக்காகிவிட்டது. ரேடியோ இறந்தும் நிதானம் இழக்காத மாணவி என்று படத்தோடு விளம்பரம் போட்டார்கள். அவள் படித்த உயர்நிலைப் பள்ளிக்கே அவளைச் சீருடையில் அனுப்பி, விமானி ஆவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். அவள் பேசினாள். மருத்துவச் சான்று, உரிமம், எத்தனை மணி நேரம், என்னென்ன தேர்வு என்று வரிசையாகச் சொன்னாள். பின்வரிசையில் பல்லில் கம்பி கட்டிய ஒரு பெண் எழுந்து, ரேடியோ செத்தபோது உங்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டாள்.

வேண்டுமானால், அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை என்று சொல்லியிருக்கலாம். கிளாரிசெல் சிரித்தபடி, எவ்வளவு கூப்பிட்டும் ஒரு சத்தமும் வரவில்லை, அந்த அமைதிதான் பயமாக இருந்தது என்றாள். வாய் கூசாமல் வந்தது. அதுவரை அவள் சொன்ன பொய்களெல்லாம் யாரோ கேட்டதற்கு ஆமாம் போட்டவை. இதை அவளே உட்கார்ந்து நெய்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தப் பெண் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டாள்.

வாசலில் பள்ளி வண்டி நின்றது. கிளாரிசெல் அதில் ஏறவில்லை. சீருடையோடேயே சான் பிளாஸ் போகும் பேருந்தில் ஏறி, விசாரித்து விசாரித்து தெல்ஃபின் வீட்டுக்குப் போனாள்.

அவர் வீட்டுக்கு முன்னால் யாருடைய மின்விசிறியையோ பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பசிட்டா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மேடம் வந்திருக்கிறார்களே என்று தெல்ஃபின் எழுந்து நாற்காலியைத் துடைத்தார். கிளாரிசெல் உட்காரவில்லை.

"ரேடியோ நல்லாத்தான் இருந்துச்சு மனோங். எல்லாம் கேட்டுச்சு. வழி தெரியாம தொலைஞ்சு போயிட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு. நான்தான் பேசல. சத்தத்தக் குறைச்சதும் நான்தான்."

தெல்ஃபின் கையிலிருந்த துணியை நாற்காலிமேலேயே வைத்தார். அவர் கத்துவார், அடித்தாலும் அடிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அப்படிக் கத்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ஒரு மாசமா," என்றார், "வீட்ல பல்பு மாட்டினாக்கூட ரெண்டு தடவ இறங்கி, மறுபடி ஏறிப் பாக்கறேன்."

அடுத்துப் பேசியவள் பசிட்டா.

"உங்க வீட்டுக்கு நான்தான் பலகாரம் செஞ்சு அனுப்பினேன். விடியக்காலைல எழுந்து செஞ்சேன். தின்னியா?"

பதிலுக்குக் காத்திராமல் பசிட்டா, மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டாள்.

"எங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? இவர் மேல எழுதி வெச்சிருக்காங்கல்ல, அங்க போய் சொல்லு. இப்ப வீட்ட விட்டுப் போ."

மறுநாள் காலை அவள் கேப்டன் சல்டிவாரிடம் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார். முகம் வெளுத்துவிட்டது. இதை உன்னோடு வைத்துக்கொள் என்றார். விளம்பரம் போய்விட்டது, புதிய மாணவர்கள் சேர்ந்திருக்கிறார்கள், தெல்ஃபினுக்கு வேறு எங்காவது சொல்லி வேலை வாங்கித் தருகிறேன், நீயும் தேர்வு எழுதி முடித்துவிடு, எல்லோருக்கும் நல்லது என்று நயமாகத்தான் பேசினார். பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

"அன்னிக்கு நான் உன்ன எத்தன தடவ கூப்பிட்டேன்னு தெரியுமா?"

"பதினோரு தடவ, சார். அதுக்கப்புறம் சத்தத்தக் குறைச்சுட்டேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. போ என்று கையை மட்டும் அசைத்தார்.

அவர் சொன்னபடி இருந்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். கிளாரிசெல் அன்று மதியமே நடந்ததை ஆரம்பத்திலிருந்து தன் கையால் எழுதி, விமானப் போக்குவரத்து அதிகாரிகளுக்கு ஒன்றும், பள்ளி உரிமையாளர்களுக்கு ஒன்றும் அனுப்பினாள். ரேடியோவைப் பழுதுபார்த்தவர் மேல் எந்தத் தவறும் இல்லை என்ற வரியைத் தனியாக எழுதிக் கீழே கோடு போட்டாள்.

அப்பாவிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. எபிஃபானியோ படகின் அடியைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். முழுவதும் கேட்டு முடித்துவிட்டு, சுரண்டியை வைத்துக் கையைக் கழுவி, சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"கிளம்பு. எட்டுப் பேர் அன்னிக்குப் பொழப்ப விட்டுட்டு என்கூட வந்தாங்க. எட்டு வீட்டுக்கும் போவோம். நான் பேச மாட்டேன். நீ சொல்லு."

போனார்கள். அப்பா ஒவ்வொரு வாசலிலும் இரண்டடி தள்ளி நின்றார். முதல் வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, உயிரோடு இருக்கிறாயே அது போதும் என்றார். மூன்றாம் வீட்டில் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஐந்தாம் வீட்டில் ஒரு பெரியவர், அன்று உன் அப்பன் படகில் நின்றுகொண்டு எப்படி அழுதான் தெரியுமா என்று ஆரம்பித்தார். அப்பா குறுக்கிட்டு, அது வேண்டாம் என்றார். ஒவ்வொரு வீடாகச் சொல்லச் சொல்ல வார்த்தை சுலபமாக வரும் என்று அவள் நினைத்திருந்தாள். எட்டாவது வீட்டிலும் முதல் வீட்டில்போலவே வார்த்தையைத் தேடித்தான் சொன்னாள்.

திரும்பும் வழியில் எபிஃபானியோ தெருமுனையில் நின்று, பேனரின் கயிற்றைத் தானே அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பல மாதம் அவர் படகில் ஏறியவர்களிடம் மகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவளுடைய உரிமத்தை எட்டு மாதம் நிறுத்தி வைத்தார்கள். பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தெல்ஃபினைத் திரும்பக் கூப்பிட்டபோது அவர் வரவில்லை. துறைமுகத்தில் கப்பல்களுக்கு ரேடியோ பார்க்கிற வேலைக்குப் போய்விட்டார். கிளாரிசெல் அந்த எட்டு மாதமும் அப்பாவின் படகில் டிக்கெட் கிழித்தாள். யாராவது அவளைப் பார்த்து, நீதானே அந்தப் பெண் என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லப் பழகினாள். பிறகு வேறு தீவில், வேறு பள்ளியில், முதலிலிருந்து தொடங்கினாள். உரிமம் கிடைத்தபின் வேலைக்குப் போன இடங்களில் எல்லாம், இதுவரை ஏதாவது சம்பவம் உண்டா என்ற கட்டத்தில் நடந்ததை எழுதினாள். மூன்று நிறுவனங்கள் நன்றி சொல்லி அனுப்பின. நான்காவது, ஒன்பது இருக்கை விமானங்களைத் தீவுகளுக்கு ஓட்டுகிற ஒரு சின்ன நிறுவனம், அவளைத் துணை விமானியாக எடுத்துக்கொண்டது.

அங்கே சேர்ந்த இரண்டாம் மாதம், ஒரு காலை, பயணிகளை ஏற்றுவதற்காக விமானத்தின் ஏணிப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். ஐந்தாவதாக வந்தவள் பசிட்டா. மகளுக்குப் பிரசவம், செபுவுக்குப் போகிறாள். கையில் ஒரு துணி மூட்டை. கிளாரிசெல்லைப் பார்த்ததும் முதல் படியில் வைத்த காலைக் கீழே எடுத்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கிளாரிசெல்லுக்குக் காது மடல்வரை சுட்டது. இரண்டரை வருடம் ஆகியும் அந்த வீட்டு வாசலில் நிற்பதுபோலவே இருந்தது.

"நீயா ஓட்டுற?"

"கேப்டன் இருக்கார், மனாங்," என்று அக்கா முறை வைத்துச் சொன்னாள் கிளாரிசெல். "நான் பக்கத்துல."

பசிட்டா விமானத்தை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் இவளை.

"வழி தெரியலேன்னா சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"எல்லாரும் கேக்கற மாதிரி?"

"எல்லாரும் கேக்கற மாதிரி, மனாங்."

பசிட்டா மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, கிளாரிசெல் நீட்டிய கையைப் பிடிக்காமல், கம்பியைப் பிடித்து ஏறிப்போய்க் கடைசி இருக்கையில் உட்கார்ந்தாள். இருபத்தைந்து நிமிடப் பயணம். காற்று அமைதியாக இருந்தது. செபுவில் இறங்கியபோது மற்ற பயணிகள் நன்றி சொன்னார்கள். பசிட்டா பேருந்து நிறுத்தம் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள். கிளாரிசெல் கையைக் காட்டினாள். அவள் அந்தப் பக்கம் நடந்து போனாள்.